நீங்கள் என்னிடம் கொடுத்த ஈட்டி

மச்சான்,

இன்றைக்கு உங்கள் மருமகளுக்கு, அதுதான் என் மூத்தவளுக்கு, இராஜபாளையத்தில் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெரிய மனுஷனாக உட்கார்ந்து, "எங்க வீட்டு முறுக்கு பூ மாதிரி இருக்கும், தைரியமாக் கடிங்க" என்று சொல்லிக்கொண்டே நானும் ஒன்றைக் கடித்தேன். பல் வந்துவிட்டது. சம்பந்தி தட்டைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாயில் ரத்தம் கரித்ததும் அங்கே பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. விழுந்தது பழைய ஓட்டைக்குப் பக்கத்துப் பல். அந்தப் பழைய ஓட்டை நீங்கள் போட்டது அல்லவா!

கூமாப்பட்டி மலையடிவாரத்தில் பன்றி இறங்கிக் கடலைக்காட்டை உழுதுபோடும் நாளில், வேட்டைக்கு ஆள் திரட்டுவது நீங்கள்தான். உங்களைவிடக் குறிபார்த்து எறிகிறவர்கள் இருந்தார்கள். உங்களைவிடச் சத்தம் போடுகிறவன் நானே இருந்தேன். ஆனாலும் ஆட்கள் உங்கள் பின்னால்தான் வந்தார்கள். ஈட்டியைக் கொடுக்குமுன் ஒவ்வொருவனையும் "வயித்துல என்னலே இருக்கு?" என்று கேட்பீர்கள். பொண்டாட்டியோடு சண்டை என்றால் அவனுக்கு நாய்க்கயிறு. பங்காளிமேல் ஆத்திரம் என்றால் தப்பு அடித்துப் பன்றியைக் கலைக்கிற வேலை. ஈட்டி மட்டும் கிடையாது.

"பன்னி என்ன, நம்ம மனசப் பாத்தா குத்தப்போகுது?" என்று நான் கேலி செய்தேன்.

"பன்னிக்காகக் கேக்கலலே எட்டாப்பு. கையில இரும்பு இருக்கையில கோவம் ஆளு பாக்காது" என்றீர்கள். எட்டாவது வரை படித்ததற்கு நீங்கள் எனக்குக் கொடுத்த பட்டம் அது.

ஒருநாள் அக்காவோடு சண்டை போட்டுவிட்டு வந்து, அதை எல்லார் முன்னாலும் சொல்லி, நீங்களே நாய்க்கயிற்றைப் பிடித்து நடந்தீர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவனும் உங்களிடம் பொய் சொன்னதில்லை.

என் பல் போன அந்த நாளிலும், எங்களோடு வேட்டைக்கு வந்த கருப்பையா பொய் சொல்லவில்லை. "பயமா இருக்கு அண்ணாச்சி" என்றான். ஆள் குறைவு. "ஓரமா நில்லு, அங்கிட்டு வராது" என்று அவனுக்கும் ஈட்டியைக் கொடுத்து, ஓடைக்கரையில் பன்றிக்குக் கட்டிய வலை முடிகிற இடத்தில் நிறுத்தினீர்கள். பன்றி அங்கேதான் வந்தது. முதல் நாயின் வயிற்றைக் கிழித்து எறிந்துவிட்டு வலையைப் பிய்த்தது. கருப்பையா ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அந்த இடைவெளியில் உங்கள் தம்பி பாய்ந்தான். கோரைப்பல் அவன் தொடையை முழங்காலிலிருந்து இடுப்புவரை திறந்துவிட்டது. ஐந்து ஈட்டி ஏறியும் பன்றி சாகவில்லை. அது கத்தியது எது, தம்பி கத்தியது எது என்று தெரியவில்லை.

புதருக்குள் ஒளிந்திருந்த கருப்பையாவை முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மிதித்தார்கள். "ஓடுன கால வெட்டுலே!" என்று ஒருவன் அரிவாளை ஓங்கினான். ஆளுக்கொரு கல் கையில். தம்பி தொடையில் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த நீங்கள் எழுந்தீர்கள். முழங்கைவரை ரத்தம். கூட்டம் வழிவிட்டது. முதல் குத்து உங்களுடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். நீங்களோ ஈட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தீர்கள்.

"எனக்கு இவனக் குத்தணும்போல இருக்குலே. புடி. நானே கேட்டாலும் குடுத்துராத."

செத்த நேரத்தில் தம்பி மூச்சு நின்றது. திரும்பி வந்தீர்கள்.

"குடுலே."

"மாட்டேன் மச்சான்."

கன்னத்தில் ஒரு அறை. "குடுங்கேன்ல!" அடுத்தது குத்து, பல்லைத் துப்பினேன். மூன்றாவது தடவை கழுத்தைப் பிடித்து மரத்தோடு அழுத்திக் கேட்டீர்கள். உங்கள் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈட்டியைப் பிடித்து இழுத்தீர்கள், வரவில்லை.

பிறகு உங்கள் கை தளர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினீர்கள்.

"பயமா இருக்குன்னு காலையிலயே சொன்னான்யா. கேட்டுட்டும் அங்க நிறுத்துனவன் நான். எந்தம்பி சாவுல எனக்குத்தான் முதல் பங்கு. அடிக்கணும்னா என்னைய அடிங்க."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதீர்கள். அழுகிற தலைவனை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லாகக் கீழே விழுந்தது. அரிவாள்காரன் தன் துண்டால் கருப்பையாவின் முகத்தைத் துடைத்துவிட்டான். தம்பியைத் தூக்கிப் போகும்போது முன்பக்கம் தோள் கொடுக்கச் சொல்லி அவனைத்தான் கூப்பிட்டீர்கள்.

உறுதியான ஆள் என்று அந்த அடியால் எனக்குப் பேர் வந்தது. அதை நம்பித்தான் மில்லில் மேஸ்திரியாக்கினார்கள். முதல் மாதம் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். என் முதுகுக்குப் பின்னால் என்னைப்போலவே கத்திக்காட்டிச் சிரித்தார்கள். பிறகுதான் வேலை ஏறுமுன் "வயித்துல என்னப்பா இருக்கு?" என்று கேட்கப் பழகினேன். சொல்கிறார்கள். ஆத்திரத்தோடு வந்தவனை மெஷினுக்கு அனுப்பாமல் பஞ்சு சுமக்க அனுப்புகிறேன். போன வாரம் இரண்டு பேர் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். "உங்களுக்கு என்ன இருக்கு மேஸ்திரி?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

நீங்கள் போன அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்கு என் தம்பி இந்தக் கையிலருந்து ஈட்டிய விடல. விட்டிருந்தா அவிய தூக்குமேடைக்குப் போயிருப்பாக. இம்புட்டு வருசம் எனக்குத் தாலி தந்தது இந்தக் கைதான்" என்றாள். வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் காதருகே குனிந்தாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாவது தடவை நீங்கள் கேட்டபோது கொடுத்துவிடத்தான் பார்த்தேன், மச்சான். பயத்தில் விரல் திறக்கவில்லை.