மொரப்பூரில் இறங்கிய அச்சி

அச்சி,

இன்று காலையிலிருந்து மழை. முதல் வகுப்பில் பாதிப் பேருக்கு இருமல். சமையற்கட்டில் அந்தோணியம்மா இஞ்சி நசுக்கிய வாசனை முற்றத்தைத் தாண்டி வகுப்பறைக்குள் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. "டீச்சர், சாக்பீஸு ஒடஞ்சி போச்சுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நீ இல்லை என்று எனக்குத் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எது உன்னை நினைவுபடுத்தும் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

கேழ்வரகுக் கூழில் இஞ்சி போட்டுக் குடித்தவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான். நீ வந்த முதல் வாரம், அடுப்படிக்குப் போய்ச் சைகை காட்டி இஞ்சி கேட்டு வாங்கி, கூழில் நசுக்கிப் போட்டுக் கலக்கினாய். அந்தோணியம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "கூழுக்கு இஞ்சியா? இது என்னா கூத்து!" என்றாள். உன் வீட்டில் அரிசிக் கஞ்சியில் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்ல அப்போது உனக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. சிரித்தாய். அவ்வளவுதான்.

நீ வந்த கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பான்காரன் கடல்வழியாக வந்து இறங்கப்போகிறான் என்று மெட்ராஸ் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. பட்டணத்துக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் உன்னை அழைத்துக்கொண்டு ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கினார். அங்கிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய கரி பஸ். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நீயும் தள்ளியிருக்கிறாய். இண்டூர்ச் சாலையில் நம் பள்ளிக்கூட வாசலில் நீ நின்றபோது உன் முகத்திலும் பாவாடையிலும் கரி. போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்து உன் கண்களையே பார்த்தார்கள். யாருக்கும் கூச்சமில்லை. நீதான் தலையைக் குனிந்துகொண்டாய்.

பள்ளியை நடத்திய மதர் உன்னை என் பெஞ்சில் உட்காரவைத்தார். ஏன் என்னோடு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த எனக்கு வகுப்பில் தமிழ் தடுக்கும். கன்னடம் பேசுகிற பிள்ளைகள் வேறு இருந்தார்கள். மதரோடு பேச இங்கிலீஷ், கோயிலில் லத்தீன். இத்தனைக்கும் நடுவில் நான் வாயைத் திறக்காமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். பேசாத இரண்டு பேரை ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்று மதர் பார்க்க நினைத்திருக்கலாம். நாம் இருவரும் பேசத் தொடங்கியபின் நம்மை நிறுத்த அவராலேயே முடியவில்லை.

உன் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாய், பாதி இங்கிலீஷில், பாதி கையால். பிறந்தது மணிலாவில், சீனக் குடும்பத்தில். அப்பாவுக்குக் கயிறும் எண்ணெயும் விற்கிற கடை. ரங்கூனில் இருந்த பெரியப்பா வியாபாரத்துக்குக் கூப்பிட, தம்பியைப் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் விட்டுவிட்டு உன்னை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். மெட்ராஸுக்கு வந்த அகதிக் கப்பலில் காய்ச்சல் கண்டு அம்மாவும் போய்விட்டாள். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். உடலைக் கடலில் இறக்கியபோது சத்தமே கேட்கவில்லை என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஆனால் உன் மணிலாப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு முகமே மாறிவிடும். கன்னியர் நடத்திய பள்ளிதான் அதுவும், ஊரிலுள்ள சீனப் பிள்ளைகளுக்காக. காலையில் சீனப் பாடம், மதியம் இங்கிலீஷ் பாடம். மாதாவுக்குப் பாட்டு ஸ்பானிஷில். விளையாட்டுத் திடலில் உங்கள் வீட்டுப் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சும் கலந்த ஒரு கலவை. "காலையில நான் ஒருத்தி, மதியம் வேற ஒருத்தி" என்று சொல்லிச் சிரிப்பாய். நானும் அப்படித்தான் என்று தோன்றியது. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்பதை அதுவரை ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன்.

உங்கள் வீடுகளில் அக்காவை அச்சி என்பார்கள். உன் தம்பி உன்னை அப்படித்தான் கூப்பிடுவான். ஒருநாள் கிணற்றடியில் துணி அலசும்போது, "அந்தப் பேரால என்னைக் கூப்பிட யாருமே இல்ல. நீ கூப்பிடறயா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நீ எனக்கு அச்சி. உன் உண்மைப் பெயரை எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போலிருக்கிறது.

நீ தமிழ் கற்றது வகுப்பறையில் இல்லை, அடுப்படியில். அந்தோணியம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டே கற்றாய். அதனால் இலக்கணத்துக்கு முன்னால் உனக்குத் திட்டத் தெரிந்துவிட்டது. அதுவே பென்னாகரம் சந்தையில் நம்மைக் காப்பாற்றியது.

அன்று புளி வாங்க அந்தோணியம்மாவோடு நாம் இருவரும் போயிருந்தோம். யாரோ ஒருவன் உன்னைப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரி! இங்க பாருங்கய்யா, ஜப்பான்காரி வந்திருக்கா!" என்று கத்தினான். நொடியில் கூட்டம் கூடிவிட்டது. வேவு பார்க்க வந்தவள் என்றான் ஒருவன். ஹொகேனக்கல் காட்டில் பாராசூட்டில் இறங்கினாள் என்றான் இன்னொருவன். ஒருவன் உன் பின்னலைப் பிடித்து இழுத்தான். நீ அவன் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினாய்.

"ஏன்டா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? ஜப்பான்காரன் போட்ட குண்டுலதான் எங்கப்பன் செத்தாரு. ஒங்க வூட்ல யாரு செத்தா? சொல்றா! யாரு செத்தா?"

அந்தோணியம்மாவின் குரல், அந்தோணியம்மாவின் இழுப்பு, எல்லாம் அப்படியே. புளி விற்ற அம்மாள்தான் முதலில் எழுந்தாள். "அடி ஆத்தே! நம்மூரு பேச்சில்ல பேசுது! வுடுங்கய்யா, அப்பனப் பறிகுடுத்த புள்ள அது" என்று சொல்லி உன்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். கூட்டம் கலைந்தபிறகுதான் நீ அழுதாய். அப்பா செத்ததை நீ சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னாய்.

சந்தைப் பேச்சு போலீஸ் வரைக்கும் போய்விட்டது. அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மதர் முன்னால் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேலிடத்து உத்தரவுங்க மதர். பொண்ணு சீனாவா ஜப்பானான்னு தெரியணும். காயிதம் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க. இல்லாட்டி வடக்க ஜப்பான்காரங்கள அடைச்சிருக்கற முகாமுக்கு அனுப்பச் சொல்லுவாங்க."

உன் காகிதங்களெல்லாம் ரங்கூனிலேயே எரிந்துபோயிருந்தன. உன்னை எழுதிக் காட்டச் சொன்னார். நீ சிலேட்டில் உன் பெயரை எழுதினாய். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரனும் இப்படித்தான் எழுதுவான்னு சொல்றாங்களே?" என்றார். "ஆமாங்க. அவங்க அத எங்ககிட்ட இருந்துதான் வாங்குனாங்க" என்றாய். மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உன்னை ரயிலேற்றிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

போர்டிங்குக்குக் கேழ்வரகு மூட்டை இறக்க என் நாயனா, என் அப்பா, அந்த நேரம் பார்த்து வந்தார். நான் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு மதர் அறைக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு நான் ஜாமீனுங்க."

"உமக்கு இவளப் பத்தி என்னய்யா தெரியும்? சீனாவா, ஜப்பானா?"

"அது தெரியாதுங்க. லீவுக்கு எம் பொண்ணோட எங்க வூட்டுக்கு வருது. மாட்டுக்குத் தண்ணி காட்டுது. பசிச்சா, ஆக்கலி நாயனான்னு தெலுங்குல கேக்குது. அதுக்கு மேல நான் அத என்னாத்தக் கேக்கறதுங்க?"

இன்ஸ்பெக்டர் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். சண்டை முடியும்வரை வாரம் ஒருமுறை நீ ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், நாயனா பொறுப்பு என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். நீ கையெழுத்துப் போடும் நாளெல்லாம் நாயனா வேலையை விட்டுவிட்டு வண்டி கட்டினார். திரும்பி வரும்போது நீங்கள் இருவரும் தெலுங்கில் மழையைப் பற்றியும் எருதுகளைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவீர்கள். நான் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சண்டை முடிந்தது. மணிலா எரிந்து சாம்பலானது என்று கேள்விப்பட்டு நீ பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கன்னியர் மடங்கள் வழியாகச் செய்தி வந்தது: பள்ளிக்கூடம் இடிந்துபோனது, ஆனால் உன் தம்பி உயிரோடு இருக்கிறான். நீ கோயிலுக்கு ஓடவில்லை. சமையற்கட்டுக்கு ஓடி அந்தோணியம்மாவைக் கட்டிக்கொண்டாய்.

என்னோடு நீயும் டீச்சர் டிரெயினிங் போகலாம், இங்கேயே இருக்கலாம் என்று மதர் சொன்னார். நீ இருந்துவிடுவாய் என்று நான் உள்ளுக்குள் நம்பினேன். அதே சமயம், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கேட்டபின் நீ இருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் வர நேரமாயிற்று. நாயனா உனக்கு வேர்க்கடலை மூட்டை ஒன்று கட்டிக்கொடுத்தார். கப்பலில் யாருக்கு இவ்வளவு என்று நீ கேட்டாய். "உன் தம்பிக்கும்மா" என்றார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அவன் என்னை அடையாளம் கண்டுக்குவானா? நான் ஒங்க ஊர்க்காரி ஆயிட்டேனே" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் கை நழுவிவிட்டது.

தம்பி உன்னை அடையாளம் கண்டுகொண்டான் என்று எழுதினாய். இடிந்த சுவர்களுக்கு மேல் தகரம் போட்டுப் பள்ளி மறுபடி தொடங்கியது, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு நீதான் டீச்சர், மழை பெய்தால் தகரச் சத்தத்தில் நாலு மொழியில் எதுவும் கேட்காது என்று எழுதினாய். நான் இங்கே முதல் வகுப்புக்கு டீச்சர் ஆனேன். வத்தல்மலையிலிருந்து வருகிற பிள்ளைகள், கன்னடப் பிள்ளைகள், எங்கள் தெலுங்குப் பிள்ளைகள். என்றாவது ஒருநாள் நம் வகுப்புப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் காட்டுவோம் என்று எழுதிக்கொண்டோம். இருமல் விடவில்லை என்று நீ ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

போன மாதம் மணிலாவிலிருந்து ஒரு சிஸ்டர் இந்தப் பக்கத்து மடம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தார். வழியில் நம் பள்ளிக்கும் வந்தார், என்னைத் தேடித்தான். உன் நுரையீரல் அரித்துப்போனதை, தம்பி கடைசிவரை பக்கத்தில் இருந்ததை எல்லாம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடைசி இரண்டு நாள் அவள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சீனப் பாதிரியாரை வரவழைத்தோம், சீன மொழி இல்லை என்றார். ஊர்ப் பேச்சும் இல்லை. தம்பிக்கும் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியலாம் என்று அந்தச் சத்தத்தை நான் மனப்பாடம் செய்து வந்தேன்."

சொன்னார். "ஊட்டுக் போலா. ஊட்டுக் போலா."

காப்பி கொண்டுவந்த அந்தோணியம்மா டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வூட்டுக்குப் போலாம்னு சொல்லியிருக்குது, எங் கண்ணு" என்றாள்.

நான் அதைச் சிஸ்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த வீட்டை நினைத்திருப்பாள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அச்சி. மணிலாவில் எண்ணெய்க்கடைக்கு மேல் இருந்த வீடா, ரங்கூன் வீடா, மாட்டுக்குத் தண்ணி காட்டிய எங்கள் வீடா? உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தும் நீ கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லையே என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் எந்த வீடு என்று கேட்டிருக்க மாட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "வா அச்சி, போலாம்" என்று மட்டும் சொல்லியிருப்பேன்.