நேற்றைய பேப்பர்

அன்புள்ள அண்ணா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

அப்பா குறுக்கெழுத்துக்கு என்னிடம் உதவி கேட்கிறார். பேனாவால் அடித்தல் இல்லாமல் நிரப்பியவர்! எனக்கும் விடை தெரிவதில்லை. "காலேஜ்ல என்னத்தம்மா கிழிச்சே?" என்று சிரித்துவிட்டு, காலிக் கட்டங்களையே வெறித்துக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காமல் ஒரு தில்லுமுல்லு செய்தேன். விடைகள் மறுநாள் பேப்பரில்தானே வரும்? அதனால் புதுப் பேப்பரை ஒளித்துவைத்து, முந்தின நாளுடையதைக் கொடுத்து, விடைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் நாளே பிடித்துவிடுவார், நன்றாகத் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதமாகிறது, அண்ணா. நேற்று டிவியில் பார்த்த செய்தியையே இன்று, "இதக் கேளும்மா" என்று புதிதாகப் படித்துக் காட்டுகிறார்.

டாக்டரிடம் கூட்டிப்போக எனக்குத் தைரியம் வரவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை