அகராதியில் இரண்டாவது பொருள்

10 பிப்ரவரி 1941, திங்கள் காலை.

வஹீதா,

தவறு என்னுடையதுதான். போன வாரம் டாக்டர் என் கோணல் முதுகுக்கு ‘பியூஷன்’ ஆபரேஷன் என்றதும், நான் போகும் மாலை வகுப்பில் இருக்கும் ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். ‘உருக்குதல்’ என்ற முதல் பொருளை மட்டும் படித்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். “இன்னா மச்சான், உம் முதுகு இன்னா வெள்ளிக் கொலுசா, உருக்கி வாக்குறதுக்கு? நான் கையெழுத்துப் போடமாட்டேன்!” என்று அழுதுவிட்டுக் கரையான்சாவடியில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

சனிக்கிழமை டாக்டரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். “உருக்குறதெல்லாம் இல்லப்பா. கால் எலும்புல ஒரு சில்லு எடுத்து முதுகுல வெச்சா, எலும்பு தானா ஒட்டிக்கும். முழுசா நிமிராது, ஆனா இனிமே வளையாது” என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று கம்பவுண்டரிடமும் கேட்டுக்கொண்டேன். அகராதியிலும் இரண்டாவது பொருள் ‘ஒன்றாய்ச் சேர்தல்’தான். ஒரு வாரத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

இன்று போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவேன். நீ மதியம் வருவாய் என்று பக்கத்து வீட்டு முத்தம்மாள் சொன்னார்கள். சாவியையும் இந்தச் சீட்டையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுப்பங்கரையில் பருப்பு மூடி வைத்திருக்கிறேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை.

ஜாபர்

இதை மறைத்தால் இன்னொரு சண்டை வரும்: ஆறு மாதம் மாவுக்கட்டோடு படுத்திருக்க வேண்டுமாம்.

நாளை, செவ்வாய்: பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆபரேஷன் சம்மதத் தாளில் என் பெயருக்குக் கீழே நீ கையெழுத்துப் போட வேண்டும்.