வயிற்றுக்கு இடம் விட்ட கிதார்

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று வருடம் கழித்து என் பட்டறைக்கு வந்தாய், ஏழு மாத வயிறும் தோளில் பாஸ் கிதாருமாக. "அண்ணா, இது வயித்துல உட்காரவே மாட்டேங்குது. நின்னு வாசிக்கலன்னா பேண்டுல வேற ஆளப் போட்டுருவாங்க" என்றாய். உன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவாயோ என்ற பயத்தில் நான் அளவு நாடாவைத் தேடப் போனேன்.

கிதாரின் முதுகைக் குடைந்து உன் வயிற்றுக்கு இடம் செய்தேன். கிதாரின் உடம்பு லேசானதும் அதன் கழுத்துப் பக்கம் கீழே சாய்ந்தது. அதனால் கம்பி முறுக்கும் சாவிகளையும் எடை குறைந்தவையாக மாற்றினேன். கச்சேரிக்குக் கொண்டுபோகும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்காதே, கைப்பையில் அடங்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் போதும் என்று கடைக்காரன் மாதிரி பேசினேன். அண்ணனாகப் பேச வாய் வரவில்லை.

சனிக்கிழமை கச்சேரிக்கு வந்திருந்தேன், கடைசி வரிசையில். இரண்டு மணி நேரம் நின்றே வாசித்தாய். ஒரு பாட்டில் டிரம்ஸ்காரர் தாளத்தை விட்டுத் தலைதெறிக்கும் வேகத்தில் வாசித்துக்கொண்டு ஓடினார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் நாலே சுரத்தில் அவரைத் தாளத்துக்கு இழுத்துப் பிடித்தாய். பக்கத்து இருக்கைக்காரர், "யாருங்க அந்தப் பொண்ணு? என்னமா வாசிக்குது!" என்றார்.

"என் தங்கச்சிங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உன்னைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று நீ பட்டறைக்கு வந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, நான் வருகிறேன்.

உன் அண்ணன்