பச்சைச் சாயம் பூசிய வைஸ்

என் செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகும் முறுக்கு அச்சுத் தட்டு கேட்டு ஆட்கள் வருவது நிற்கவில்லை. பித்தளைத் தகட்டில் ஓட்டை போடவும் அரம் பிடிக்கவும் அடுப்படிக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதுதான் இன்று எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ் இரவல் சாமான் அல்லவா? உடையவர் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன். தீபாவளி நெருங்கும் நேரத்தில் கை ஒடிந்ததுபோல் ஆகிவிட்டது.

சுங்கே ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். சுற்றிலும் ஆண்கள். தட்டிப் பார், நல்ல வார்ப்பு என்றால் கணீரென்று கேட்கும், விரிசல் இருந்தால் தொண்டை கட்டிய சத்தம் வரும், சாயத்தைப் பார்த்து வாங்காதே என்று நீங்கள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் கை எழும்பவில்லை. எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் ஒரு கூச்சம். "பாகூஸ் லா, பாகூஸ்!" என்று கடைக்காரச் சீனர் மலாயில் புகழ்ந்த ஒன்றை, பளபளக்கும் பச்சைச் சாயத்தோடு வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் தகட்டை வைத்து இறுக்கினேன். படக்கென்று ஒரு பக்கத் தாடை பிளந்தது. சாயத்துக்கு அடியில் விரிசல் முழுக்கப் பட்டிப் பசையை அப்பி மறைத்திருந்தார்கள். அழுகையைவிட அவமானம்தான் அதிகம். எல்லாம் தெரிந்திருந்தும் ஏமாந்தேனே!

மறுநாள் நம் செல்வி பள்ளிவிட்டு வந்ததும், உடைந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளோடு திரும்பப் போனேன். கடைக்காரர் முதலில் கையை விரித்தார். நான் நகரவில்லை. கூட்டம் சேர்ந்ததும் வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி அலுத்துக்கொண்டார். அவரிடமே ஒரு சுத்தியலை வாங்கி, வரிசையில் இருந்ததை எல்லாம் தட்டினேன். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். தாடைகளை மூடி, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். யாரோ சிரித்தார்கள். கடைசியில் சாயமே இல்லாத ஒன்று கணீரென்றது.

செல்வியிடம் சொல்லத் திரும்பினால், அவள் பக்கத்தில் இல்லை. எதிரே ஒரு துணிக்கடை வாசலில், என்னை யாரென்றே தெரியாதவள்போல் நின்றிருந்தாள்.

உங்களுக்கு நான் செய்ததும் இதுதானே? நீங்கள் சாமான்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று தள்ளிப் போய் வளையல் பார்ப்பேன். அது உங்களுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "கூடப் படிக்கிறவ அங்க நின்னாம்மா. வெக்கமா போச்சு" என்றாள். திட்ட வாய் வரவில்லை. "அந்தக் கடையில என்ன பார்த்த? பிடிச்சிருந்துச்சா?" என்றுதான் கேட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் நீங்கள் என்னிடம் கேட்டதும் இதேதான். அப்படியானால், தெரிந்துதான் கேட்டீர்களா? முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இனி யார் பார்த்தாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். செல்வி தள்ளி நின்றால் நிற்கட்டும். உங்களைப்போலவே நானும் அவளைக் கோபிக்க மாட்டேன்.

உங்களைத் தனியே நிற்கவிட்ட,
செல்வி அம்மா