எட்டு டிஸ்க் பெட்டியும் அம்மாவின் போனும்

போர்ட் பிளேர், அபர்தீன் பஜார்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து

அன்பு மகள் மர்ஜானாவுக்கு அத்தா ஜமீல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஹாலந்துக் குளிரில் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், போனில் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள், கையெழுத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டால் நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கடைக்குப் பின்னால் கூரைத் தகடு ஒன்று துருவேறி ஒழுகுகிறது, புதுத் தகடு என்று ஒருவன் கொண்டுவந்து காட்டினான், நகத்தால் சுரண்டிப் பார்த்தால் அடியில் பழைய பெயிண்ட், திருப்பி அனுப்பிவிட்டேன். உன் தம்பி தௌபீக் பெருநாளுக்குச் சென்னையிலிருந்து வருகிறேன் என்கிறான், போன பெருநாளுக்கும் இதையேதான் சொன்னான். பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன், அட்டையில் தேதி பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் போட்டோக்கள், பத்திரங்கள், உன் அம்மா உனக்குப் பேசி அனுப்பிய குரல்கள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்பெனியிடம் கொடுத்துவைக்காமல் நம் வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வைத்துச் சேர்க்க வேண்டும், நீ அங்கிருந்தும் தம்பி சென்னையிலிருந்தும் பார்க்கலாம் என்று சாமான் பட்டியல் அனுப்பினாய். கம்பெனியை நம்ப முடியாது என்று நீ சொன்னதும் என் மகள்தான் என்று சந்தோஷப்பட்டேன். பட்டியலைப் படித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. வாங்குவது நாலு டிஸ்க், கேபினெட் மட்டும் எட்டு டிஸ்க் பிடிக்க வேண்டுமாம். மீதி நாலு இடம் எதற்கு என்றால் பின்னால் தேவைப்படும் என்கிறாய். கடைசி வரியில், அம்மாவின் போனை ரிப்பேர் கடைத் தாபஸிடம் கொடுத்து அதிலிருக்கும் குரல்களையும் ஏற்றிவிடுங்கள், எனக்கு வந்தது மொத்தம் 213, சரிபாருங்கள் என்று எழுதியிருந்தாய். இந்தப் பட்டியல் முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. இரண்டு மாதமாக நான் கேபினெட்டிலும் கார்டிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம், அந்தப் போனை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று இதிலேயே சொல்கிறேன், அதைப் போனில் சொல்ல வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன். ஆனால் நான் கண்ட குற்றங்கள் ஒன்றும் பொய் இல்லை, முதலில் அதைக் கேள்.

கேபினெட்டுக்கு இங்கே ஒரு கடைக்குப் போனேன். பக்கமெல்லாம் கண்ணாடி வைத்து, உள்ளே பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டி, இதுதான் அங்கிள் லேட்டஸ்ட் என்றான். கல்யாண மேடைக்கா வாங்குகிறேன், டிஸ்க் எத்தனை பிடிக்கும் என்று கேட்டால் இரண்டாம். இன்னொன்றுக்குத் தலை முழுக்க ஓட்டை, நம் வீட்டுப் பல்லிகளை உனக்குத் தெரியாதா, ஒரே வாரத்தில் உள்ளே குடும்பம் நடத்தும். கடைசியில் சென்னையிலிருந்து கப்பலில் விளக்கும் கண்ணாடியும் இல்லாத கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். மூடியைக் கழற்றி ஸ்க்ரூ ஓட்டைகளிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், பெயிண்ட் உள்விளிம்பு வரை பிடித்திருக்கிறது, உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். முன்னால் இரண்டு ஃபேன், அதற்கு நேர் பின்னால் டிஸ்க்குகள், அந்தக் காற்று அப்படியே டிஸ்க்குகளை இணைக்கிற கார்டின் மேல் போகிறது. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன், ஏனென்றால் இந்தக் கார்டு பெரிய கம்பெனி மெஷினில் புயல் மாதிரிக் காற்றுக்கு நடுவே இருப்பதற்காகச் செய்தது, சும்மா விட்டால் சுடும் என்று தாபஸ் சொன்னான். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அதே பெங்காலிப் பையன்தான், இப்போது சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

கார்டு கதை இன்னும் மோசம். நம் கடைக் கம்ப்யூட்டர் போர்டில் இரண்டு டிஸ்க் செருகத்தான் இடம் இருக்கிறது, மற்றதற்கு ஒரு கன்ட்ரோலர் கார்டு வேண்டும், அது டிஸ்க்கை உள்ளபடியே கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற சாதாரணக் கார்டாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். கண்ணாடிக் கேபினெட் காட்டிய அதே கடைக்காரன், அதைவிடப் பெரிய சாமான் அங்கிள், ரெய்டு கார்டு என்று ஒன்றை எடுத்து வைத்தான். வியாபாரியிடம் வந்து ரெய்டு என்கிறான் பார். புதுசு என்றான், செருகுகிற இடத்தில் தங்க முலாம் மேல் கோடு கோடாகக் கீறல், எத்தனை பெட்டியில் ஏறி இறங்கியதோ. அது இருக்கட்டும், இந்தக் கார்டு செத்துப்போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாமா என்று கேட்டேன். முடியாது அங்கிள், அது தன் முறையில்தான் எழுதி வைக்கும், இதே மாதிரிக் கார்டு வேண்டும் என்றான். அது எங்கே கிடைக்கும் என்றால் மெயின்லேண்டில் என்கிறான். கடல் கொந்தளித்தால் வெங்காயமே பத்து நாள் தாமதமாக வருகிற ஊரில் இருந்துகொண்டு நான் அதற்காகக் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். தாபஸ்தான் நீ சொன்ன கார்டைத் தேடிப் பிடித்தான். அவனையும் நம்பாமல், ஒரு டிஸ்க்கில் பழைய போட்டோக்களை ஏற்றி, கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டு என்றேன். சாச்சா, மேரே ஊபர் பரோசா நஹீ க்யா என்று சிரித்தான், அவன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறான். சிரித்தாலும் மாட்டிக் காட்டினான், திறந்தது.

உன்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் இரண்டிரண்டு டிஸ்க்கில் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்கிறாய். இரண்டும் இருப்பது ஒரே பெட்டியில்தானே. நான் கடை வைத்த வருடம் பெருநாள் துணி மொத்தத்தையும் ஒரே கப்பலில் போட்டேன், அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து அத்தனை கட்டும் நனைந்துபோனது, ஒரு கட்டுக்கு ஜோடியாக இன்னொரு கட்டு பக்கத்திலேயே இருந்து என்ன பிரயோஜனம். அன்றிலிருந்து பாதிச் சரக்கு ஒரு கப்பல், பாதி அடுத்த கப்பல். அதனால் பெட்டியில் இருப்பது போக ஒரு டிஸ்க்கைத் தௌபீக்குக்குக் கப்பலில் அனுப்பியாயிற்று, இன்னொன்று இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே பார்சலில் உனக்கு வருகிறது. நாலு டிஸ்க்கும் ஒரே தேதி போட்டு வந்ததால் இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு தேதியில் வாங்கினேன், ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகப் போய்விடுமோ என்று பயம். இதற்கு நீ சிரிப்பாய், தாபஸ் சிரிக்கவில்லை.

இனி போன் விஷயம். அம்மாவின் வழக்கம் உனக்குத் தெரியும். நெட் கிடைக்காத நாட்களில் போன் ரெக்கார்டரில் உனக்குப் பேசி வைத்துவிட்டு, நெட் வந்ததும் அனுப்புவாள், போனிலிருந்து ஒன்றையும் அழிக்க மாட்டாள். போன செவ்வாய்க்கிழமை போனைத் தாபஸ் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் பட்டியலோடு சரிபார்த்தான். சாச்சா, உஸ்கா தோ சௌ தேரா, இதர் தோ சௌ சௌதா, ஏக் எக்ஸ்ட்ரா ஹை, டிலீட் கர் தூ க்யா என்று கேட்டான். உன் கணக்கில் 213, போனில் 214, கூட இருக்கும் ஒன்றை அழித்துவிடவா என்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆமாம் என்று ஒரு தடவை தலையாட்டினால் போதும், மூன்று வருடமாக என் நெஞ்சில் கிடந்தது அத்தோடு போயிருக்கும். தலை லேசாக அசையத்தான் செய்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கை வைக்காதே என்று கத்திவிட்டேன்.

அந்தக் கடைசி ஒன்று, அம்மா இறப்பதற்கு முந்தின நாள் பேசியது. திக்லிபூரில் என் தங்கை மகன் கல்யாணத்துக்குச் சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தோம். வியாழக்கிழமை நெஞ்சு கனமாக இருக்கிறது என்றாள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்க மனமில்லாமல் சொல்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். வாயுவாக இருக்கும், சீரகத் தண்ணி குடி என்றேன். அதற்குமேல் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மழையில் நெட் இல்லை, உனக்குப் பேசி வைத்திருக்கிறாள். மர்ஜி, ரெண்டு நாளா நெஞ்சு வலிக்குதுமா, அத்தாட்ட மறுபடி சொல்லல, சொன்னா நம்ப மாட்டாக, கல்யாணத்துக்கு வராம இருக்க நடிக்கிறேம்பாக, நீ போன்ல சொன்னா கேப்பாக, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லும்மா என்கிறாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது விழுந்தவள்தான்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து போனைத் துடைத்து வைக்கும்போது இதைக் கண்டேன். ஒரே ஒரு தடவை கேட்டேன். நீ நாலாம் நாள் வந்து சேர்ந்து, அம்மா எனக்கு ஏதாவது சொன்னாங்களா அத்தா என்று அழுதபோது எனக்கே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டாய், ஒன்றும் சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் போனாள் என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் சொன்னேன். உனக்குத் தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாயோ என்று பயந்தேன். யாராலும் படிக்க முடியாதபடி எழுதி வைத்துக்கொள்கிற கார்டு வேண்டாம் என்று கடைக்காரனிடம் எழுந்து வந்தவன், வீட்டில் நானே அப்படித்தான் இருந்திருக்கிறேன். தகடு விற்கிறவன், கார்டு விற்கிறவன், தாபஸ், எல்லோரையும் சந்தேகப்பட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. நாற்பது வருடம் என்னோடு இருந்தவள் வலிக்கிறது என்று சொன்னபோது சந்தேகப்பட்டேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை மகளே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

டிஸ்க்கில் எதையும் மாற்றவில்லை, அழிக்கவில்லை, அம்மா பேசிய வரிசையிலேயே இருக்கிறது. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் பரக்கத்தும் தரட்டும், உன் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அவளுடைய பொறுமையைக் கொடுக்கட்டும், என் குணம் வேண்டாம். பார்சல் வந்ததும் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. டிஸ்க்கை உடனே வேறொரு இடத்தில் நகல் எடுத்து வை. 214ஆவதைக் கேட்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும், தனியாகக் கேட்காதே. கேட்ட பிறகு எனக்குப் போன் செய்யத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, புரிந்துகொள்வேன். உடம்புக்கு ஏதாவது வலி என்றால் மட்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் என்னிடம் சொல்லு மர்ஜி, நம்புவேன்.

இப்படிக்கு
உன் அத்தா
ஜமீல்