செரோக்கிக் கதையின் மீதி

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன அன்பு அப்பாவுக்கு,

நாளை மிஷன் ஞாயிறு, மிஷனரிகளின் கதை சொல்லும் நாள். நீங்கள் இல்லாத முதல் மிஷன் ஞாயிறு. இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்ட் தமிழ்ச் சபையில் உங்கள் செரோக்கிக் கதையை இம்முறை நான் சொல்ல வேண்டுமாம். காலையிலிருந்து வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்கிறேன். தேநீர் போட்டுவிட்டுக் குடிக்க மறக்கிறேன்.

நீங்கள் சொல்லும் விதம் எல்லோருக்கும் மனப்பாடம். ஜெர்மனியில் பிறந்த மிஷனரிகள் கடல் கடந்து, அமெரிக்கக் காட்டோரம் பழங்குடிகளான செரோக்கி மக்களிடம் போகிறார்கள். பிரசங்கம் இருக்கட்டும், முதலில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வையுங்கள் என்று தலைவர்கள் கறாராகக் கேட்கும் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். பல வருடம் கழித்து ஒரு பெண் ஞானஸ்நானம் பெறுகிறாள். அத்தோடு ஆமென். பிறகு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "சோறு ஆறுது, எழும்புங்கோ" என்பீர்கள்.

மீதியைப் போன வாரம்தான் படித்தேன். பொல்லாத ஆத்திரம் வந்தது. நிலத்துக்காக அந்த மக்களைப் படைவீரர்கள் துரத்தினார்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களையும்தான். மேற்கே போகும் வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மிஷனரிகளில் சிலர் எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள். சிலர் வாயே திறக்கவில்லை. நீங்களும் ஏன் திறக்கவில்லை? மிஷனரிகளின் மானத்தைக் காப்பாற்றவா?

சபை மூப்பர் ராசன் அண்ணை போனில், "பிள்ளை, அப்பா சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. சனத்தை அழவைக்க வேண்டாம்" என்றார். "பார்ப்பம் அண்ணை" என்று போனை வைத்தேன்.

அம்மாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் கரட் அரிவதை நிறுத்தினார்.

"அப்பாவுக்கு அந்த முடிவு தெரியும். வாசிச்ச அண்டைக்கு மனுசன் சாப்பிடேல்லை. சண்டைக்குள்ள யாழ்ப்பாணத்தில இருந்து சனமெல்லாம் நடந்து வெளிக்கிட்ட நேரம், வழியில செத்த தன்ர தகப்பனைக் கைதடியில றோட்டோரம் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு வந்தவர். ஒரு ஜெபம் சொல்லவும் நேரமில்லை. அவர் எப்பிடியடி இதைச் சொல்லுவார்?"

அப்பப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார் என்றல்லவா எனக்குச் சொல்லியிருந்தீர்கள்? உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது, ஆனால் மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததில் உங்களுக்கு நோவு குறைந்ததா அப்பா?

நாளை நான் முடிவுவரை சொல்வேன். அழுகிறவர்கள் அழட்டும், அங்கே வரும் பெரியவர்களில் பாதிப்பேர் உங்களோடு அந்தத் தெருவால் நடந்தவர்கள்தானே. வழியில் செத்த செரோக்கிகளை நினைத்துச் சபை எழுந்து நிற்கும்போது அப்பப்பாவின் பெயரையும் சொல்வேன். நீங்கள் சொல்ல நேரமில்லாமல் போன அடக்க ஜெபத்தை, நாளை நான் சொல்கிறேன்.

உங்கள் வாயாடி மூத்த மகள்,
அனுஷா